பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

சனிக்கிழமை என்றால் கோச்கோர் என்ற மலையூரில் ஆட்டுச் சந்தை. மலையடிவாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆடும் குதிரையும் ஆளுமாக வந்து இறங்கிவிடுவார்கள். சந்தை முடிந்து திரும்பும் வழியில்தான் தூரோன்பெக்கின் கடை. ஒரு காலத்தில் அது பேர் போன கல்யாண வீடியோ ஸ்டூடியோ. இப்போதும் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் பிடிக்கிறான்தான். ஆனால் அடுப்பு எரிவது வேறொரு வேலையில். ஊரில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் பழைய கல்யாண டிவிடி ஒன்றாவது தூங்குகிறது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டியோ எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் தூரோன்பெக் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, போனில் ஏற்றித் தருவான்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் மேய்ப்பர் எசென். தட்டைச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"பொண்ணு, மாப்பிள்ளை யாரும் வேணாம் தம்பி. குதிரை மட்டும் போதும்."

"என்ன குதிரைண்ணே?"

"எங்கண்ணன் கல்யாணத்துல நான் ஏறி வந்தேன்ல, சாம்பல் குதிரை. போன மாசம் போயிடுச்சு. அதோட முகம் என் போன்ல இருக்கணும்."

தட்டுக்குள் படம் ஒரே துண்டாக இருக்காது. நாலைந்து பெரிய கோப்புகளாக உடைந்து கிடக்கும். மென்பொருளில் அவற்றை வரிசையாகத் திறந்து, கீழே ஓடும் கோட்டில் தொடக்கத்தில் ஒரு குறியும் முடிவில் ஒரு குறியும் வைத்தால் போதும், நடுவில் உள்ளது தனித் துண்டாக வந்து விழும். தூரோன்பெக்குக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. குதிரை வந்தது. கூடவே எசெனின் மனைவியின் தலையும் பாதி வந்தது.

"அண்ணியும் தெரியறாங்களேண்ணே."

"வெட்டிடு. வீட்ல கேட்டா, கடைக்காரன்தான் வெட்டிட்டான்னு சொல்லிக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தூரோன்பெக்கும் சிரித்துக்கொண்டே வெட்டினான். வெட்டுவதும் ஒட்டுவதும் அவனுக்கு அப்படித்தான், ஒரு நாளும் மனசை உறுத்தியதில்லை.

இந்தச் சிரிப்பில் சேராமல் ஒரு பெண்மணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. காற்றும் வெயிலும் சேர்ந்து அறுத்த முகம். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கடை காலியான பிறகுதான் மேசையருகே வந்து, கோட்டுக்குள்ளிருந்து ஒரு பூப்போட்ட தலைத்துணியை எடுத்து, முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு டிவிடி.

"தம்பி, இதுல என் பொண்ணு பேசறா. அந்த இடத்தை மட்டும் எடுத்து என் போன்ல போட்டுத் தரணும்."

"அதுக்கென்னக்கா, போட்டுடலாம். என்ன பேசறாங்க?"

"என்ன பேசறான்னு தெரியாது. பேசறா, அது தெரியும். எனக்கு அவ குரல் வேணும்."

தூரோன்பெக் உறையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு அன்னங்கள், ஒரு ரோஜா, கீழே அவன் ஸ்டூடியோ பெயர். நடுவில் ஜோல்தோஷ், மைரம் என்று மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"அட, நான் எடுத்த படம்தான்க்கா!" என்றான் குஷியாக. "பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

"மண்ணுக்குள்ள இருக்கா."

அவனுடைய சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அம்மாள், பெயர் புருல், அழவில்லை. மாவு விலை சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். போன பிப்ரவரியில் நடந்தது. மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து அடித்திருக்கிறான். கிணற்றடிப் பனியில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் முதலில் சொன்னார்கள். பெண்ணைக் குளிப்பாட்டிய பெண்கள் முதுகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க மறுத்துவிட்டார்கள். ஜோல்தோஷ் இப்போது சிறையில் இருக்கிறான்.

"கொஞ்ச நாளா ஒண்ணு நடக்குது தம்பி. அவ முகம் ஞாபகம் இருக்கு. சின்ன வயசுல ஓடுனது, விழுந்தது எல்லாம் இருக்கு. குரல் மட்டும் போய்க்கிட்டே இருக்கு. 'அம்மா'ன்னு அவ எப்படிக் கூப்பிடுவான்னு நெனைச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. அவகிட்ட போன் குடுத்ததே இல்ல அந்த வீட்ல. பக்கத்து வீட்டு போன்ல எப்பவாச்சும் பேசுவா. அதுல எதையும் பிடிச்சு வெக்க எனக்குத் தெரியல. இந்தத் தட்டு ஒண்ணுதான் இருக்கு."

தூரோன்பெக் தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து உள்ளே போட்டான். இயந்திரம் முனகிக்கொண்டு சுற்றியது.

படம் ஓடியது. கார்கள் வரிசையாக வந்தன. ஆடு அறுத்தார்கள். போர்சோக் என்கிற மாவுத்துண்டுகளைத் தட்டுத் தட்டாகப் பொரித்துக் கொட்டினார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் தோளில் கைபோட்டு ஆடினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே துள்ளலான ஒரு கல்யாணப் பாட்டு. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது. பாட்டைத் தவிர ஒரு மனிதக் குரல்கூட இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். படம் பிடித்த இடத்துச் சத்தமெல்லாம் இரைச்சல் என்று துடைத்து எறிந்துவிட்டு, தலையிலிருந்து கால்வரை பாட்டைப் போர்த்திவிடுவார்கள். வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். மைரம் தூக்கி வரப்பட்ட பெண். கல்லூரி விட்டு வந்தவளை நாலு தடியன்கள் காரில் அள்ளிப்போட்டு வந்து, வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால், பாதிக் கல்யாணம் முடிந்தது என்று கணக்கு. கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது தலைநகரத்தில் பத்திரமாக இருக்கிறது. இங்கே 'பொண்ணு வந்துட்டா' என்பார்கள், ஏதோ அவளே பஸ் ஏறி வந்த மாதிரி. அந்த வீடுகளில் படம் பிடித்தால் ஒலியில் என்னென்ன விழும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பாட்டு.

"இதோ! இங்கதான்!" என்று புருல் திரையைத் தொட்டார்.

அறையின் மூலையில் மணப்பெண்ணுக்குக் கட்டிய திரை. அது விலகியிருந்தது. உள்ளே வெள்ளைத் தலைத்துணியில் ஒரு பெண், இருபது வயது இருக்கும். நேராகக் கேமராவைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. பதினோரு விநாடிகள்தான். பிறகு படம் ஆடுகிறவர்களிடம் தாவிவிட்டது.

"சத்தத்தைக் கூட்டு தம்பி."

கூட்டினான். பாட்டுதான் கூடியது.

"பாட்டை மட்டும் உரிச்சு எடுத்துடேன். கம்ப்யூட்டர்ல இப்ப எல்லாம் முடியுமாமே. வெங்காயத்தோலு மாதிரி மேல இருக்கறதை எடுத்துட்டா அடியில அவ குரல் இருக்கும்ல?"

தூரோன்பெக் படத்தை நிறுத்தினான். அடியில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்ததை அழித்தவனே அவன்தானே. ஆனால் அவனுக்குத் தெரிந்தது அது மட்டும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் அந்த மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்துவிட்டது. அவள் பேசியது அவனுடைய கேமராவிடம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்ட காது இந்த உலகத்தில் அவனுடையது ஒன்றுதான்.

"நீதான படம் பிடிச்சேன்னு சொன்ன? உன் காதுல விழுந்திருக்குமே?" என்றார் புருல்.

"பதினோரு வருஷமாச்சேக்கா... எத்தனையோ கல்யாணம்..."

"அதுவும் சரிதான். 'நான் நல்லா இருக்கேம்மா'ன்னுதான் சொல்லியிருப்பா. நாங்க அன்னைக்கு அப்படித்தான் நெனைச்சோம்." அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். "அவளைத் தூக்கிட்டுப் போன பிறகு நான் சாப்பிடல, தூங்கல. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு ஆட்டைப் பிடிச்சுட்டு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்கப்பா மனசு ஆறல. 'போய் என் பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன்'னு குதிரைக்குச் சேணம்கூடப் போட்டுட்டாரு. அந்த நேரத்துலதான் இந்தத் தட்டு வந்துச்சு. போட்டுப் பாத்தோம். பாட்டென்ன, ஆட்டமென்ன! இவளும் எங்களைப் பாத்து ஏதோ பேசறா. 'புள்ள சந்தோஷமாத்தான் இருக்கா'ன்னு சொல்லிட்டு அவர் போய்ச் சேணத்தை இறக்கிட்டாரு."

தூரோன்பெக் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"ஒண்ணு சொல்றேன் தம்பி, தப்பா நெனைக்காத. செத்தவ மேல கோபப்படக் கூடாது. ஆனா எனக்குக் கோபம் இருக்கு. பதினோரு வருஷம் அடி வாங்கியிருக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'அம்மா என்னைக் கூட்டிட்டுப் போ'ன்னு கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நடந்தே போயிருப்பேனே. போன்ல பேசும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு அதையேதான் சொன்னா. பெத்தவளை நம்பலியே அவ! அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல."

தூரோன்பெக் வாய் திறந்தான். வெளியே வந்தது வேறு. "தட்டு கீறியிருக்குக்கா. குரல் இருக்கற இடத்தைப் படிக்க மாட்டேங்குது. வெச்சுட்டுப் போங்க, அடுத்த சனிக்கிழமை வாங்க."

புருல் தட்டுக்குச் சுற்றியிருந்த துணியை மட்டும் மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் தூரோன்பெக் கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு அலமாரியைக் கவிழ்த்தான். அப்போதெல்லாம் சின்னக் கேசட்டில்தான் படம் பிடிப்பது. அசல் கேசட் இருந்தால் குரலும் அப்படியே இருக்கும். தூசிக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். மூன்றாவது பெட்டியில் அகப்பட்டது. மைரம் என்ற பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அதன் மேல் வேறொரு மணப்பெண்ணின் பெயர், அதையும் அடித்துவிட்டு இன்னொன்று. சிக்கனக்காரன் அவன். ஒரு கேசட்டில் மூன்று பெண்களை ஒருவர் மேல் ஒருவராகப் பதிந்திருந்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் மனைவி குல்சுன் சாப்பாடு கொண்டுவந்தபோது அவன் அதே பதினோரு விநாடியைத் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தான். பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் படம்.

"யாரு இது? எதுக்கு இந்தப் பொண்ணையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

சொன்னான். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். குல்சுன் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். நூடுல்ஸ் ஆறிப்போனது.

"அந்தம்மா 'நல்லா இருக்கேன்'னு சொன்னதா நம்பிட்டு இருக்காங்க," என்றான். "அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே உண்மை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இருக்கற உசுரும் போயிடும்."

"அவங்களுக்காகத்தான் மறைக்கறீங்களா, உங்களுக்காகவா?"

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தம்மா பொண்ணு மேல கோபமா இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க? கேக்கலியே, நம்பலியேன்னு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கேட்டது உங்களுக்குத் தெரியும். செய்யாத தப்புக்கு அது திட்டு வாங்கிட்டு மண்ணுக்குள்ள கெடக்குது, நீங்க இங்க நூடுல்ஸ் சாப்பிடப்போறீங்க." அவள் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "சாப்பிட வேணாம். பசிக்கட்டும்."

 அந்த வாரம் முழுக்க அவன் மென்பொருளில் உள்ள எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். பாட்டைக் குறைத்தால் மௌனம். மௌனத்தைப் பெருக்கினால் இரைச்சல். தட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். தட்டில் போடாததை எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

சனிக்கிழமை புருல் சந்தைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். புதுத் தலைத்துணி கட்டியிருந்தார். மகளைப் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்பி வந்திருக்கிறார் என்று தூரோன்பெக்குக்குப் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த முறை கையைப் பிடித்து உட்கார வைத்தான். தான் உட்காரவில்லை.

"அக்கா, குரல் வராது. எந்த ஊர்ல கொண்டுபோய்க் குடுத்தாலும் வராது. நான்தான் அழிச்சேன்."

புருல் புரியாமல் பார்த்தார்.

"தட்டுல கீறலே இல்லக்கா. அன்னைக்குப் பொய் சொன்னேன். அவ என்ன சொன்னான்னும் எனக்குத் தெரியும். மறக்கல. மறந்த மாதிரி இருந்துட்டேன்."

பிறகு சொன்னான். அந்த மத்தியானம் எல்லாரும் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் மணப்பெண்ணைத் தனியாக ஒரு படம் எடுக்க உள்ளே போனான். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவள் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 'அண்ணே, இந்தப் படம் எங்கம்மா வீட்டுக்குப் போகுமா?' வழக்கம் அதுதானே. ரெண்டு தட்டு போடுவார்கள், ஒன்று பெண் வீட்டுக்கு. 'போகும்மா' என்றான். அதைக் கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பேசி முடிச்சதும் நான் என்ன சொன்னேன் தெரியுமாக்கா? 'சரி, இப்பக் கொஞ்சம் சிரி'ன்னேன். வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டும்போது மறுபடியும் அந்தப் பேச்சைக் கேட்டேன். ஒரு நிமிஷம் கை நின்னுச்சு. முகம் நல்லா விழுந்திருக்கு, அதைத் தூக்கிப்போட மனசு வரல. பேச்சை மட்டும் அழிச்சுட்டுப் பாட்டைப் போட்டேன். யாரும் போடச் சொல்லல. சொல்ல வேண்டியதே இல்ல, எங்க தொழிலே அதுதான்."

புருல் தட்டைச் சுற்றி வந்த அந்தப் பூப்போட்ட துணியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். 

"என்ன சொன்னா?"

தூரோன்பெக் திரையைப் பார்த்தான்.

"படத்தைப் போடு," என்றார் புருல். "பாட்டு வேணாம். அவ வாய் அசையும்போது நீ சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு சொல்லுகூட விடாத."

அவன் படத்தைப் போட்டான். சத்தமில்லாத திரையில் மைரம் நிமிர்ந்து பார்த்தாள். உதடுகள் அசைந்தன. நாற்பது வயதைத் தாண்டிய, தாடி நரைத்த அந்த மனிதன் இருபது வயதுப் பெண்ணின் சொற்களைச் சொன்னான்.

"அம்மா... எனக்கு இங்க வேணாம்மா. அப்பாவ அனுப்பு. அப்பா வரலன்னா நீ வா. நான் ஜன்னல்கிட்டயேதான் உக்காந்திருப்பேன்."

படம் முடிந்து ஆடுகிறவர்கள் வந்தார்கள். ஓசையில்லாமல் குதித்தார்கள்.

"இன்னொரு தடவை."

மறுபடி சொன்னான். 'ஜன்னல்கிட்ட' என்ற இடத்தில் அவன் குரல் உடைந்தது. மூன்றாவது தடவை அவனால் முடியவில்லை. புருல் தானே சொன்னார், திரையில் அசையும் உதடுகளோடு சேர்ந்து. முடித்ததும் அவரிடமிருந்து வந்த அழுகை வெளியே சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களை நிறுத்தியது. பெற்ற வயிறு பற்றி எரிகிற சத்தத்தை என்னால் எழுத முடியாது. கேட்டவர்களுக்குத் தெரியும்.

"கேட்டிருக்காளே! கேட்டிருக்காளே என் தங்கம்! நான்தானே போகல... எத்தனை நாள் அந்த ஜன்னல்ல பாத்துட்டு இருந்தாளோ! தட்டு போய்ச் சேந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். பாத்துட்டும் அம்மா வரலன்னுதானே நெனைச்சிருப்பா! அதுக்கப்புறம் எங்கிருந்து கேப்பா? எந்த வாயால கேப்பா?"

தூரோன்பெக் மண்டியிட்டு அவர் காலருகே உட்கார்ந்துவிட்டான். "மன்னிச்சுடுங்கக்கா."

"என்கிட்ட கேக்காத." புருல் அவனைப் பார்க்கவில்லை. "மன்னிக்கறதுக்கு நான் யாரு? நீ பாட்டுப் போட்ட. நான் அதைக் கேட்டுத் தலையாட்டுனேன். அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுப் போட்டுக் காமிச்சேன். எம்பொண்ணு கல்யாணத்தைப் பாருங்கன்னு பெருமையா உக்காந்திருந்தேன். அவ திரையில இருந்து என்னைக் கூப்பிட்டுட்டே இருந்திருக்கா."

புருல் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார்.

"அந்தத் துண்டை இதுல போட்டுக் குடு. பாட்டு இல்லாம."

"சத்தமே இருக்காதேக்கா."

"இருக்காது. இனிமே எனக்குத் தெரியும் என்ன சொல்றான்னு."

அவன் இரண்டு குறி வைத்தான். பாட்டை நீக்கினான். பதினோரு விநாடிப் படம் ஊமையாகப் போனில் ஏறியது. புருல் வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"நீ என் காலைப் பிடிக்க வேணாம் தம்பி. இனிமே ஒரு பொண்ணு உன் கேமராவைப் பாத்துப் பேசினா, அந்தப் பேச்சைக் கொண்டுபோய் அவ அம்மா காதுல சேத்துடு. அது போதும்."

அந்த இலையுதிர் காலத்தில் தூரோன்பெக் மூன்று கல்யாணங்களுக்குப் போனான். தூக்கி வந்த பெண் என்று தெரிந்தால் கேமராவைத் திறக்கும் முன்னாலேயே திரைக்குள் போய், தணிந்த குரலில் கேட்டான், "அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" முதல் வீட்டில் அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். அவள் விரும்பியே வந்தவள் என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது வீட்டில் அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தம்பிகள் இவனை வெளியே தள்ளிவிட்டார்கள். கேமராவின் கண்ணாடி உடைந்தது. அவன் நேராகப் போய்ப் போலீஸில் சொன்னான். அவர்கள் சாவகாசமாக வந்தார்கள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவனுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அது அவன் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

மூன்றாவது வீட்டில் திரைக்குள் இருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. கேள்வியைக் கேட்டதும் அவள் பேசவில்லை. அவனுடைய உள்ளங்கையைப் பிடித்து, விரலால் ஒரு போன் எண்ணை எழுதினாள். அவன் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் பெரியப்பா திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்பாக் தொப்பியும் பெரிய மனிதத் தோரணையுமாக இருந்தார்.

"என்ன தம்பி பண்ற? படம் பிடிக்கத்தான உன்னைக் கூப்பிட்டோம்? உனக்கெதுக்கு வேண்டாத வேலை? பொண்ணுன்னா ரெண்டு நாள் அழத்தான் செய்யும், அப்புறம் சரியாயிடும். நீ நல்ல பாட்டாப் பாத்துப் போட்டுக் குடு, அது போதும்."

 தூரோன்பெக் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"இருபது வருஷமாப் பாட்டுத்தாண்ணே போட்டேன். அப்படிப் போட்டதுல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. தூக்கிட்டு வந்தவன் மட்டும் குத்தவாளி இல்ல. அழுற சத்தம் வெளிய கேக்காம பாட்டுப் போட்டவன், அதைக் கேட்டு ஆடுனவன், ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொன்னவன், எல்லாரும் அவனுக்குக் கூட்டாளிதான். ஒரு பொண்ணு அழுதா பாட்டை நிறுத்திட்டு என்னன்னு கேக்கணும். அதைக் கேக்காத வீட்டுல நடக்கறதுக்குப் பேரு கல்யாணம் இல்ல."

பெரியப்பா கையை ஓங்கினார். அதற்குள் அவன் பின்னால் நீட்டிய போன் அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. மறுமுனையில் ஒரு தாய், "யாரு? அழறது யாரு? சொல்லுடி கண்ணு, அம்மா கேட்டுட்டு இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.